சாமுராய்க்குச் சோறு போடுவது யார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை ஆங்காங்கே அப்படியே விட்டிருக்கிறோம். - மலர்க் குழு)



சங்கத்துச் செயலாளர் என்னை ஃபோனில் கூப்பிட்டு, "உன் தொழிலைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார். என் தொழில் பம்பு. பம்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் நீங்களும் தூங்கிவிடுவீர்கள், நானும் தூங்கிவிடுவேன். "விளையாட்டைப் பத்திப் பேசட்டுமாண்ணே?" என்று கேட்டேன். கிரிக்கெட் என்று நினைத்துச் சரியென்று சொல்லிவிட்டார். அழைப்பிதழில் 'விளையாட்டும் வாழ்வும்' என்று அச்சாகியும் விட்டது. தலைப்புக்கு அவர் பொறுப்பு; பேச்சுக்கு நான் பொறுப்பு.

நான் 2010 மெக்கானிக்கல். அதாவது ஹாஸ்டலைக் காலி செய்தது 2010. கடைசி அரியர் முடிந்தது 2011. இதை ஏன் மேடையில் சொல்கிறேன் என்றால், பின்னால் இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

நான் பேசப்போகிற விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கம்ப்யூட்டர் வேண்டாம், மைதானம் வேண்டாம். ஒரு மேஜை, ஐந்தாறு பேர், கொஞ்சம் காகிதம், பகடை. ஒருவர் கதையை நடத்துவார். கூத்தில் கட்டியக்காரன் வருகிறானே, அந்த மாதிரி. ஆனால் இவர்தான் அரசனாகவும் பேசுவார், பூதமாகவும் உறுமுவார், மழை பெய்கிறது என்றும் சொல்வார். அவரை மாஸ்டர் என்று வைத்துக்கொள்வோம். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். "கதவு பூட்டியிருக்கு, என்ன செய்யறே?" என்று மாஸ்டர் கேட்டால், உடைக்கிறேன் என்றோ, தட்டிப் பார்க்கிறேன் என்றோ நீங்கள் சொல்ல வேண்டும். முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டை மாதிரி நாலு பக்கம் இல்லை; பெரும்பாலும் இருபது முகம்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், புக் கிரிக்கெட். ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தைப் பட்டென்று திறந்து, பக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து ரன் எழுதினோமே! வெறும் எண்தான். ஆனால் நோட்டில் டெண்டுல்கர் என்று பேர் எழுதிவிட்டால் அப்புறம் அது வெறும் எண்ணாக இருக்காது. பூஜ்யம் வந்தால் வயிற்றைப் பிசையும். இந்த விளையாட்டும் அந்த வயிற்றுப் பிசைவில்தான் ஓடுகிறது.

இதை 1974-ல் வெளியிட்டவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அதற்கு முன்பே பொம்மைச் சிப்பாய்களை மேஜையில் நிறுத்திப் போர் ஆடும் பழக்கம் அங்கே இருந்தது. ஒரு படைக்குப் பதிலாக ஒரே ஒரு ஆளாக நீயே இருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் புதிது. கைகாக்ஸின் ஊர் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா. அங்கிருந்து மில்வாக்கி நகரம் சுமார் 80 கிலோமீட்டர். 2018 ஜனவரியில் எங்கள் தொழிற்சாலை என்னை ஒன்றரை வருஷத்துக்கு அனுப்பிவைத்தது அந்த மில்வாக்கிக்குத்தான். நாங்கள் வார்த்து அனுப்புகிற பம்பு உறைகளை வாங்குகிறவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டுக் கேள்வி எழுந்தால் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஜனவரி மாத மில்வாக்கியில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் என்பது ஒரு தண்டனை. அறையில் ரசம் வைத்துக் குடித்துவிட்டு ஜன்னல் வழியே பனியைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இதைப் பார்த்து இரக்கப்பட்ட ஒரு வெல்டிங் இன்ஸ்பெக்டர், ஐம்பதைத் தாண்டியவர், அவர் வீட்டு நிலவறைக்குக் கூட்டிப் போனார். அவர்தான் மாஸ்டர். "நீ யாராக இருக்க விரும்புகிறாய்?" என்று கேட்டார். வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் 'மெக்கானிக்கலா, சிவிலா?' என்றுதான் கேட்டார்கள்.

சாமுராய் என்றேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஹாஸ்டலில் ஒரு சீனியரின் கம்ப்யூட்டரில் குரோசாவாவின் 'செவன் சாமுராய்' பார்த்திருந்தேன். 1954-ல் வந்த படம். அரியர் பரீட்சைக்கு முந்தின இரவு பார்த்ததால் நன்றாக மனதில் நின்றுவிட்டது.

பெயர் வேண்டுமே. எனக்குத் தெரிந்த ஜப்பானியப் பெயரெல்லாம் பைக் பெயர். யமஹா என்று எழுதினேன். மேஜையில் ஒரு பெண்மணி இருந்தார். ஒஸாகாவில் பிறந்தவர், அந்தத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. அவர் சிரித்துவிட்டு, "ஹோண்டா என்றே வை, அந்தப் பெயரில் உண்மையிலேயே ஒரு பெரிய தளபதி இருந்தார்" என்றார். வீட்டுக்குப் போய்த் தேடினேன். ஹோண்டா டடகாட்சு, தொக்குகாவா இயேயாசுவின் தளபதி, 1548-ல் பிறந்து 1610-ல் இறந்தவர். ஆக என் ஆள் ஹோண்டா ஆனான்.

இப்போது பாத்திரத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன். தம்பிகள் குறித்துக்கொள்ளலாம்.

நாங்கள் ஆடியது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்து. ஒவ்வொருவருக்கும் ஆறு குணம்: வலு, சுறுசுறுப்பு, உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம். 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்கள் கொடுத்துவிடுவார்கள். எதற்கு எது என்று நீங்கள் பங்கிட வேண்டும். சாமுராய் என்பது தனி வகுப்பு இல்லை. போர்வீரன் என்ற வகுப்பில் மூன்றாம் நிலைக்கு வரும்போது எடுக்கிற ஒரு கிளை. 2017-ல் வந்த 'ஸனதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்' என்ற புத்தகத்தில் இருக்கிறது. 2024-ல் திருத்தி வெளியிட்ட அடிப்படை விதிப்புத்தகத்தில் இந்தக் கிளையைச் சேர்க்கவில்லை. பழைய புத்தகத்திலிருந்து எடுத்துத்தான் ஆட வேண்டும்.

நான் முதலில் செய்ததைக் கேளுங்கள். வலுவுக்கு 15. விவேகத்துக்கு 8. கையில் கட்டானா. அந்தக் கட்டானாவுக்குப் புத்தகத்தில் ஏதோ மகிமை இருக்கும் என்று தேடினால், சாதாரண நீள்வாளின் ஜப்பானியப் பெயர் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு கையால் பிடித்தால் எட்டுமுகப் பகடை, இரண்டு கையால் பிடித்தால் பத்துமுகம், முடிந்தது.

சரி, சாமுராய்க்கென்று தனியாக என்னதான் கொடுத்திருக்கிறார்கள்? முக்கியமானது போர் ஆவேசம். ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவில் மூன்று முறை, அந்தச் சுற்று முழுக்க ஒரு பகடைக்குப் பதில் இரண்டு உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இது எவ்வளவு லாபம் என்று நாம் கணக்குப் போடாமல் யார் போடுவது? 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும் என்று வையுங்கள். ஒரு பகடையில் பாதிக்குப் பாதி. இரண்டு உருட்டினால், இரண்டுமே 10-க்குள் விழுந்தால்தான் தோல்வி. அது நாலில் ஒன்று. ஆக 50 சதவீதம் 75 ஆகிறது. 20 விழுந்தால்தான் உண்டு என்ற இடத்தில் இதே ஆவேசம் 5 சதவீதத்தைப் பத்துக்குக் கொஞ்சம் கீழே கொண்டுபோய் நிறுத்தும். அதாவது கைவிட்ட கேஸுக்கும் உதவாது, ஜெயிக்கிற கேஸுக்கும் தேவையில்லை. நடுவில் தத்தளிக்கும்போதுதான் கை கொடுக்கும். அட்டெண்டன்ஸ் மார்க் மாதிரி.

இதனால்தான் பழகினவர்கள் சாமுராய் கையில் வில்லைக் கொடுப்பார்கள். குறிபார்த்து எய்யும் ஒரு திறமை உண்டு. பகடையில் 5 குறைத்துக்கொண்டால் பட்ட அம்புக்கு 10 கூடும். அந்த 5 குறைவை ஆவேசம் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். (2024 பதிப்பில் அந்தத் திறமையை மாற்றிவிட்டார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.) வரலாற்றிலும் வில் பொருத்தம்தான். ஆதி சாமுராய்கள் குதிரைமேல் வரும் வில்லாளிகள். அவர்கள் வாழ்க்கை முறைக்கே 'வில்லும் குதிரையும்' என்றுதான் பழைய பெயர். வாள் அவர்களுடைய அடையாளமாகக் கொடிகட்டிப் பறந்தது போரெல்லாம் ஓய்ந்த பிறகு.

ஏழாம் நிலையில் இன்னொன்று வரும். சபையில் பேசி இணங்க வைக்கும்போது விவேகத்தின் மதிப்பையும் கூட்டிக்கொள்ளலாம். என் ஹோண்டாவுக்கு விவேகம் 8 என்பதால் அந்த மதிப்பு கழித்தல் ஒன்று. வாயைத் திறந்தால் இருக்கிற மரியாதையும் போகும்.

இவ்வளவையும் எழுதி, தொப்பி, கவசம், முதுகில் கொடி, கண்ணுக்கு மேல் ஒரு தழும்பு என்று அலங்கரித்து மேஜையில் வைத்தேன். ஒஸாகா அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு ரசீதைப் பார்ப்பது போலப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். தமிழில் சொன்னால்: "இவனுக்குச் சோறு போடறது யார்?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். சாமுராய் என்ற சொல்லே, ஒருவர் பக்கத்தில் இருந்து ஊழியம் செய்வது என்ற வினையிலிருந்து வந்தது. (நம்மிடமும் சேவகன் என்ற சொல் இருக்கிறது பாருங்கள். ஊழியக்காரன் என்றும் பொருள், வீரன் என்றும் பொருள். இது நான் பிற்பாடு யோசித்தது.) அவர்களுக்குச் சம்பளம் அரிசிக் கணக்கில். அளவின் பெயர் கொக்கு. பறக்கிற கொக்கு இல்லை. ஏறக்குறைய 180 லிட்டர், ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடுகிற அரிசி, நம் 75 கிலோ மூட்டையில் இரண்டு. இவனுக்கு வருஷம் எத்தனை கொக்கு, யார் கொடுக்கிறார், கொடுப்பதை நிறுத்தினால் இவன் என்ன செய்வான் என்று தெரியாமல் இவன் சாமுராய் என்று எப்படிச் சொல்கிறாய்? கத்தி வைத்திருக்கிற ஒருத்தன், அவ்வளவுதானே?

அவருடைய முன்னோர்கள் விவசாயிகளாம். அந்த அரிசியை விளைவித்தவர்கள் என்ற உரிமையில் அவர் கேட்டது மாதிரி எனக்குப் பட்டது.

அதற்கு நம் ஊரில் பெயர் இருக்கிறதே! செஞ்சோற்றுக் கடன். கர்ணன் கதை தெரிந்த எந்தப் பாட்டியும் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். நான் விளக்கியதும் மேஜையில் எல்லோரும் கர்ணனைப் பற்றிக் கேட்டார்கள். அன்றைக்குப் பகடை உருட்டவே இல்லை.

மாஸ்டர் அழிரப்பரைக் கொடுத்தார். இந்த விளையாட்டில் பாத்திரத்தின் தாளைப் பென்சிலில்தான் எழுதுவோம். சுறுசுறுப்புக்கு 15, விவேகத்துக்கு 13 என்று மாற்றினேன். அறிவுக்கு 8 போட்டேன். இன்ஜினியர் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. எஜமானர் என்ற இடத்தில் 'வட எல்லைப் பிரபு' என்று ஒரு வரி எழுதினேன். ஒரே வரி. அந்தத் தவறு அப்போது தெரியவில்லை.

விதி என்றதும் ஒரு கிளைக் கதை. இதே விளையாட்டுக்கு 1985-ல் 'ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்' என்று ஒரு புத்தகம் வந்தது. அதில் மானத்துக்கு மார்க் உண்டு. நல்லது செய்தால் கூடும், இழுக்கு வந்தால் குறையும். எனக்கு அது பிடிக்கவில்லை. மார்க் என்று வந்துவிட்டால் நாம் என்ன செய்வோம் என்று இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தைந்து எடுக்க என்ன வழியோ அதைச் செய்வோம்.

இன்னொன்று, சாமுராய் என்றால் எஜமானனுக்காக உயிரை விடுபவன் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிற சித்திரத்தில் பாதி பிற்காலத்தில் தீட்டியது. 'புஷிடோ' என்று உலகமே படித்த புத்தகத்தை நிடோபே இனாசோ ஆங்கிலத்தில் எழுதி 1900-ல் வெளியிட்டார். 1876-லேயே சாமுராய்கள் வாள் தரிக்கக் கூடாது என்று ஆணை வந்துவிட்டது. இடுப்பில் வாள் போன பிறகு வந்த புத்தகம்! உள்நாட்டுப் போர்க் காலத்தில் எஜமானனை மாற்றியவர்கள் ஏராளம். டோடோ டகடோரா என்று ஒருவர், கோட்டை கட்டுவதில் மன்னன், நம் ஆள் என்றே சொல்லலாம். ஒரு இடத்தில் நிற்காமல் எஜமானர்களை மாற்றிக்கொண்டே போய்க் கடைசியில் பெரிய பிரபுவாகவே ஆனார். அப்புறம் 1603-லிருந்து இரண்டரை நூற்றாண்டு தொக்குகாவா ஆட்சி, ஊரெல்லாம் அமைதி. சண்டையே இல்லாத நாட்டில் வீரர்கள் என்ன செய்வார்கள்? கணக்கு எழுதினார்கள், ரிப்போர்ட் எழுதினார்கள், சம்பளம் போதாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து குடை செய்து விற்றார்கள்.

எஜமானனை இழந்தவனுக்கு ரோனின் என்று பெயர். அலையைப் போலத் திரிபவன். இன்றைக்கு ஜப்பானில் நுழைவுத் தேர்வில் தோற்றுவிட்டு அடுத்த வருஷத்துக்குப் படிக்கிற பையனையும் ரோனின் என்றுதான் சொல்கிறார்களாம். இதை ஒஸாகா அம்மையார் சொன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம். 2010-லிருந்து 2011 வரை நானும் ரோனின்.

அந்த ரோனினுக்குச் சோறு போட்ட ஒருவர் உண்டு. எங்கள் தொழிற்சாலையில் மேலதிகாரி. அவர் இந்தக் கல்லூரி இல்லை, ஆகையால் கூட்டத்தில் தேட வேண்டாம். தொழிற்சாலையின் பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். கையில் டிகிரி இல்லாமல் மூன்று அரியரோடு போய் நின்றவனை, "பேப்பர் அப்புறம் வரட்டும், நாளைக்கு ஷிஃப்டுக்கு வா தம்பி" என்றவர். 2014-ல் என் அப்பாவை ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கையில் பணத்தோடு வந்து, விடியும்வரை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பா பிழைத்தார். அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது எண்ணிப் பார்க்காமல் மேஜை டிராயரில் போட்டார். மில்வாக்கிக்கு என் பெயரைச் சொன்னவரும் அவர்தான்.

2019 ஜூனில் ஊர் திரும்பினேன். ஆட்டத்தை விடவில்லை. அவர்களுக்கு வெள்ளி இரவு என்றால் நமக்குச் சனி விடியற்காலை. ஐந்தரை மணிக்கு லேப்டாப்பைத் திறந்து, "என் வாளை உருவுகிறேன்" என்று நான் இங்கிலீஷில் சொல்ல, அம்மா காபியோடு வந்து, "விடியறதுக்குள்ள யாரைடா வெட்டறே?" என்பார்கள்.

அந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை. ஹோண்டா ஏழாம் நிலைக்கு வந்திருந்தான். வட எல்லைப் பிரபு ஒரு ஆணையிடுகிறார். கிராமம் வரி நெல் கட்டவில்லை. வீடு வீடாகப் போய் விதை நெல்லை எடுத்து வா. விதை நெல்லை எடுத்தால் அடுத்த வருஷம் அந்தக் கிராமமே இல்லை. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சபை நடுவில் எழுந்து, மாட்டேன் என்றேன். வசனம் பேசினேன். பகடையில் 19 விழுந்தது. மொத்த சபையும் என் பக்கம். திரையில் எல்லோரும் கை தட்டினார்கள். பிரபு வெட்கித் தலைகுனிந்தார். எனக்குப் புல்லரித்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் பதினாலு பம்பு உறைகளுக்கு ஹைட்ரோ டெஸ்ட். மெக்கானிக்கல் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். உறையை எல்லாப் பக்கமும் அடைத்து, உள்ளே காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை செய்யப்போகிற அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, முப்பது நிமிஷம் அப்படியே வைத்திருக்க வேண்டும். எங்கேயாவது வியர்வை மாதிரி துளிர்க்கிறதா என்று பார்க்க வேண்டும். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளை இருந்தால் சில சமயம் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். கண்டெய்னர் மறுநாள் காலை. நேரமில்லை. ஒவ்வொன்றையும் பத்து நிமிஷம் வைத்துவிட்டு இறக்கினார்கள். தாளில் முப்பது என்று எழுதியிருந்தது. அதன் கீழே, நேரில் பார்த்தவர் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அவர் அறைக்குப் போனேன்.

"தம்பி, பத்து நிமிஷத்துல கசியாதது முப்பது நிமிஷத்துல கசியுமா?"

"கசியலாம்ணே."

"நம்ம லாட்ல கசிஞ்சிருக்கா?"

"இதுவரைக்கும் இல்லண்ணே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நான் உன்கிட்ட இதுக்கு முன்னாடி எதையாவது கேட்டிருக்கேனா?" என்றார்.

இல்லைதான். ஒன்பது வருஷத்தில் ஒன்றுகூடக் கேட்டதில்லை. பேனாவை அவரே எடுத்துக் கொடுத்தார். போட்டேன். பதினாலு இடத்தில்.

அந்தச் சனிக்கிழமை நான் ஆட்டத்துக்குப் போகவில்லை. கரண்ட் இல்லை என்று செய்தி அனுப்பினேன். அம்மா காபியோடு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள். வேறு ஏதோ காகிதத் தகராறில் கண்டெய்னர் கிளம்பாமல் கிடந்தது. பெட்டிகள் ஷெட்டிலேயே இருந்தன. போகவர அவற்றைப் பார்க்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை அவரிடம் போய், "என் கையெழுத்தை எடுத்துக்கறேண்ணே, திரும்ப டெஸ்ட் பண்ணணும்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெட்டிகளைப் பிரித்து, பதினாலு உறைகளையும் மறுபடி ஏற்றி, ஒவ்வொன்றும் முழுசாக முப்பது நிமிஷம். இரண்டு பகல், ஒரு ராத்திரி. நான் பக்கத்திலேயே நின்றேன். ஒன்றுகூடக் கசியவில்லை. ஒரு துளி இல்லை. பதினாலும் பாஸ்.

கதையாக இருந்தால் ஒன்றாவது கசிந்திருக்கும். கசிந்திருந்தால் இன்றைக்கு உங்கள் முன்னால் நான் வேறு மாதிரி நின்றிருப்பேன். அவர் தாளை என்னிடம் நீட்டி, "திருப்தியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் வேலை விஷயம் தவிர வேறு பேச்சு இல்லை. அடுத்த வருஷம் நான் வேறு இடம் பார்த்துக்கொண்டேன். 2021-ல் என் கல்யாணத்துக்கு அவர் வீட்டுக்கே போய்ப் பத்திரிகை வைத்தேன். வரவில்லை. ஒரு பையனிடம் மொய் கொடுத்தனுப்பியிருந்தார், ஆயிரத்து ஒரு ரூபாய்.

ஹோண்டாவை அந்தரத்தில் விட்டுவிட்டேன். டெஸ்ட் முடிந்த வாரம் மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த விதை நெல் காட்சியைத் திரும்ப ஆடலாமா என்று கேட்டேன். இந்த விளையாட்டில் அது வழக்கமில்லை. தாயத்தில் வெட்டின காயைத் திரும்ப வைப்பது மாதிரி. ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் வெல்டிங் இன்ஸ்பெக்டர், முப்பது நிமிஷம் என்றால் என்னவென்று தெரிந்தவர். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரி. ஆனால் முதலில் அந்தப் பிரபு யார் என்று எழுதி அனுப்பு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை நான் மாட்டேன் என்றதற்கு விலையே இல்லை. அந்தப் பிரபு எனக்கு யாருமே இல்லை, ஒரு வரி. வில்லன் மாதிரி ஆணையிட்டார், கதாநாயகன் மாதிரி மறுத்தேன். ஒரு மூட்டை அரிசிகூட அவரிடம் நான் வாங்கியிருக்கவில்லை.

இரண்டு பக்கம் எழுதினேன். பஞ்ச காலத்தில் திண்ணையில் கிடந்த பையனை உள்ளே கூப்பிட்டவர். அவன் தகப்பன் நோயில் கிடந்த ராத்திரி கூடவே உட்கார்ந்தவர். வருஷம் முப்பது கொக்கு. அவருக்கும் மேலே ஒரு அரசர், வரி கட்டாவிட்டால் அவர் தலைக்கும் ஆபத்து. எழுத எழுத அவர் வில்லன் இல்லை என்று ஆகிக்கொண்டே போனது. விதை நெல் ஆணையை மட்டும் மாற்றவில்லை.

இந்தத் தடவை அந்தக் காட்சி மூன்று சனிக்கிழமை போனது. ஹோண்டா வாளைத் தொடவே இல்லை. தவணை கேட்டான். தன் முப்பது கொக்கை வரியில் கழித்துக்கொள்ளச் சொன்னான். ராத்திரி தனியாகப் போய்க் காலில் விழுந்தான். கடைசியில் மாஸ்டர், "சரி, உருட்டு" என்றார். 18 வேண்டும். 4 விழுந்தது. எல்லாம் கூட்டியும் 10. பேசி இணங்க வைக்கிற காரியத்துக்குப் போர் ஆவேசம் உதவாது. அது ஆயுதத்தோடு அடிக்கும்போது மட்டும்தான். பிரபு இணங்கவில்லை. ஹோண்டா இரண்டு வாளையும் வாசற்படியில் வைத்துவிட்டு வெளியே போனான். திரையில் யாரும் கை தட்டவில்லை. ஒஸாகா அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர், "எஜமானர் வரியை அழித்துவிடு" என்றார். அழித்தேன். தாளில் வேறு எதுவும் மாறவில்லை. வலு, சுறுசுறுப்பு, விவேகம், ஒரு நாளைக்கு மூன்று ஆவேசம், எல்லாம் அப்படியே. புத்தகத்தைப் பொறுத்தவரை ரோனினுக்கும் சாமுராய்க்கும் ஒரு எண் வித்தியாசம் கிடையாது. அதற்கப்புறம் ஒன்பதாம் நிலை வரைக்கும் ஆடினேன். பதினெட்டாம் நிலையில், அடிபட்டு விழும் நேரத்திலும் உடனே ஒரு சுற்று எழுந்து ஆடலாம் என்று ஒரு வரம் உண்டு. அதுவரைக்கும் போகவில்லை. குழந்தை பிறந்தது, விடியற்காலை நம் கையில் இல்லை.

அந்தத் தாளை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எஜமானர் என்ற இடத்தில் வெளிச்சத்தில் பிடித்தால் பழைய எழுத்து இன்னும் லேசாகத் தெரியும். சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய டிராயிங் ஹாலில் இருப்பேன். சாயந்திரம் பஸ் வரைக்கும் நேரம் இருக்கிறது. ஐந்து பேர் வந்தால் ஒரு ஆட்டம் ஆடிவிடலாம். பகடை என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் பென்சில் கொண்டு வாருங்கள். பேனா வேண்டாம்.